வழக்கு உண்டு, எதிராளி தவறு!

[மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், "வந்தோரும் வாழ்வோரும்" என்னும் பொருளில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.]



இவ்விழாவிலே இலக்கியம் பேசுமாறுதான் வாசிகசாலைச் செயலாளர் என்னை அழைத்தார். இலக்கியம் பேச வல்லவர் பலர் இம்மேடையிலேயே இருக்கின்றனர். ஆகவே, இன்று இவ்வூரை இரண்டாகப் பிளந்து நிற்கும் விவகாரம் ஒன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன், அனுமதி தந்தார்கள்.

சென்ற மாதம் இவ்வூர் இளைஞர் அறுவர் என்னிடம் வந்தனர். அவர்கள் கையிலே பிரதேச செயலாளருக்கு எழுதிய மனு ஒன்று இருந்தது. ஊருக்கு மேற்கே காட்டோரத்தில் குடியிருக்கும் மலைநாட்டுக் குடும்பங்களுக்குக் காணி அனுமதிப்பத்திரம் வழங்கக் கூடாது, அவர்கள் வந்தேறிகள், வரவிருக்கும் காணிக் கச்சேரிக்கு அவர்களை அழைக்கவே கூடாது. இதுதான் மனுவின் சாரம். அதனைச் சட்ட நடையில் திருத்தித் தருமாறு கேட்டனர். நான் மறுத்தேன். "ஐயா, எங்கள் ஊர்க்காரராய் இருந்துகொண்டு நீங்களே மறுப்பதா?" என்று ஒருவர் மனம் நொந்து கேட்டார். அந்தக் கேள்விக்கு அலுவலகத்தின் நாலு சுவருக்குள் பதில் சொல்வது அழகன்று, ஊர் கூடும் இடத்தில் சொல்கிறேன் என்று வாக்களித்தேன். அந்த வாக்கை நிறைவேற்றவே இன்று நிற்கிறேன். மனுவிலே பெயர் குறிக்கப்பட்ட குடும்பத்தவர் சிலரும் இச்சபையின் பின்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூசும் ஒரு சொல்லையும் நான் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்ல மாட்டேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு எடுத்துக் கூறாமல் மறுக்கப் புகுபவன் நல்ல வழக்கறிஞன் அல்லன். ஆகவே மனுவின் குற்றச்சாட்டுகளை முதலில் ஒழுங்காக வைக்கிறேன். ஒன்று, காணி போதாது; உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே துண்டுக் காணி இல்லாதபோது வந்தவருக்கு ஏன்? இரண்டு, அவர்கள் குறைந்த கூலிக்கு வேலைக்கு இறங்குவதால் நம்மவர் கூலி விழுகிறது. மூன்று, பாடசாலையிலும் வைத்தியசாலையிலும் நெரிசல். நான்கு, நம் ஊர் வழமையும் கோயில் முறையும் கலைகின்றன. இவற்றில் எதுவும் பைத்தியக்காரப் பேச்சு அன்று. காணியற்ற இளைஞனின் வயிற்றெரிச்சல் உண்மையானது. அதனைப் பழிக்க நான் வரவில்லை.

இம்மனு புதிதன்று

ஆனால் இளைஞர்களே, இம்மனுவை நீங்கள்தான் முதன்முதல் எழுதினீர்கள் என்று எண்ண வேண்டாம். இதே மனு கொழும்பிலே எழுதப்பட்டது, சட்டமாகவும் ஆனது. எதிராளிகளும் இதே மக்கள்தாம்.

1820-களில் தொடங்கித் தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து ஏழைகள் கோப்பித் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். வழியிலே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் மாண்டவர் எண்ணிக்கைக்கு முழுக் கணக்கு எழுதி வைத்தவர் இல்லை. 2023-இல் அந்த வருகையின் இருநூறாவது ஆண்டை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அவர்களின் சந்ததியார் அதே வழியில் நடந்ததை நீங்கள் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 1869-இல் கோப்பியை நோய் தாக்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. சுதந்திரம் கிடைத்த காலத்தில் இந்நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பாதிக்கு மேல் தேயிலையிலிருந்தே வந்தது. 1945-இல் வந்த இலவசக் கல்விக்கும், பங்கீட்டு அரிசிக்கும், நம் ஊர் ஆஸ்பத்திரி மருந்துக்கும் பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு மலையிலே கொழுந்து கிள்ளிய விரல்களிலிருந்து வந்தது. அந்த இலவசக் கல்வியின் நிழல் தோட்டத்துப் பிள்ளையின் தலைமீது விழ மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றது என்பது தனிக் கொடுமை.

இருந்தும், கண்டிச் சீமைக் குடியானவனுக்கு ஒரு மனக்குறை இருந்தது. அது பொய்யான குறையன்று. அவன் மேய்ச்சல் நிலமும் சேனைக் காடும் தோட்டங்களுக்குள் போய்விட்டன. எப்படிப் போயின? 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்க முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டத்தின்படி, உறுதி காட்ட முடியாத காணி முடிக்குரியது என்று கொள்ளப்பட்டது. முடி அதனைத் தோட்டத்துரைக்கு விற்றது. சட்டம் எழுதியது கோட்டையிலே. காணி வாங்கியது கம்பெனி. இலாபம் போனது இலண்டனுக்கு. அந்தக் காணியிலே பத்தடி லயத்து அறைக்கு அப்பால் ஓரங்குலமும் சொந்தமில்லாதவன் தோட்டத் தொழிலாளி. ஆனால் குடியானவனின் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நின்றவன் அந்தத் தொழிலாளிதான். கோபம் கண்ணுக்கு எட்டியவன்மேல் பாய்ந்தது.

நீதிமன்றத்திலே இவ்வாறான வழக்குகளை நான் அடிக்கடி காண்கிறேன். வழக்காளியின் நட்டம் உண்மை, கண்ணீரும் உண்மை. ஆனால் எதிராளியாகக் கூண்டிலே நிறுத்தப்பட்டவன் வேறு ஆள். அத்தகைய வழக்கிலே தீர்ப்புக் கிடைத்தாலும் நட்டம் தீர்வதில்லை.

சட்டம் செய்த வேலை

1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அந்த வழக்கின் தீர்ப்பு. சட்டம் நடைமுறைக்கு வருமுன் இந்நாட்டிலே பிறந்த ஒருவன் பரம்பரையால் பிரசையாவதற்குத் தன் தந்தை இங்கே பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். சட்டத்திலே "இந்தியத் தமிழன்" என்ற சொல்லே இல்லை! எல்லாருக்கும் பொது விதி போலவே எழுதப்பட்டது. ஆனால் பத்திரம் கேட்கப்பட்டது யாரிடம்? இச்சபையிலே உள்ள முதியோர்களைக் கேட்கிறேன்: உங்கள் பாட்டனாரின் பிறப்புச் சான்றிதழை எடுத்துவர உங்களில் எத்தனை பேரால் இயலும்? இயலாது. உங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. அதனால் நீங்கள் பிரசை. அவனிடம் கேட்டார்கள், அதனால் அவன் நாடற்றவன்.

அடுத்து 1949-ஆம் ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம், பதிவின் மூலம் பிரசாவுரிமை பெறலாம் என்று ஒரு வாசலைத் திறப்பதுபோல் காட்டியது. ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் அதன்கீழ் விண்ணப்பித்தனர். 1964 வரையில் அதனைப் பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேர். அதே 1949-இல் 48-ஆம் இலக்கச் சட்டம், பிரசை அல்லாதவரின் வாக்கையும் பறித்தது. 1947 தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள் அடுத்த தேர்தலில் ஊமையாயினர். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்றது. கோடாக்கன் பிள்ளை வழக்கிலே 1953-இல் அம்மன்றம், தன் பிரசைகள் யாரென வகுப்பது எந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கும் இயல்பான அதிகாரம் என்று கூறி, சோல்பரி அரசியல் திட்டத்தின் 29-ஆம் பிரிவு இதனைத் தடுக்காது என்று முடித்துவிட்டது. சட்டம் படிப்போர் எல்லாரும் படிக்கும் தீர்ப்பு அது. சட்டத்தின் சொற்கள் பொதுவாயிருந்தால் அதன் அடி யார்மேல் விழுகிறது என்று மன்றம் பாராமலே விட்டுவிடலாம் என்பதை நான் அத்தீர்ப்பிலிருந்துதான் கற்றேன். உங்கள் மனுவைப் படித்தபோது எனக்கு அத்தீர்ப்பே நினைவுக்கு வந்தது.

தமிழ்ப் பிரதிநிதிகள் எல்லாரும் ஒருமித்து எதிர்த்தனரா? இல்லை என்று வெட்கத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சிலர் ஆதரித்துக் கையுயர்த்தினர். இன்று மலைநாட்டாருக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேரும் என்று எச்சரித்தார் செல்வநாயகம். 1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியபோது, அதனை எதிர்க்கப் பாராளுமன்றத்திலே நம் தொகை குறைந்திருந்தது. குறைத்தவர்களில் நம்மவரும் இருந்தனர்.

பிறகு 1964 ஒக்டோபர் 30-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 உயிர்களைக் கணக்கிட்டு, 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்க்கலாம் என்று பங்கு போட்டனர். சம்பந்தப்பட்ட மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களை ஏற்றிச் சென்ற புகைவண்டிக்கு மலையிலே "ஒப்பாரிக் கோச்சி" என்று பெயர். அண்ணன் இந்தியப் பிரசை, தம்பி இலங்கைப் பிரசை. தாய் யாரோடு போவாள்? அக்கரை சேர்ந்தவருக்கு வேலை கொடுக்க 1968-இல் தமிழக அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. ஆனால் அங்கே அவர்களுக்குக் கிடைத்த பெயர் என்ன? "சிலோன்காரர்". இங்கே இந்தியாக்காரர், அங்கே சிலோன்காரர்! எஞ்சியோரின் நாடற்ற நிலை முற்றாக நீங்க 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. ஒரு தவறான எதிராளியை விடுவிக்க ஐம்பத்தைந்து ஆண்டுகள்!

இவ்வளவும் நடந்த பின்னர் கண்டிக் குடியானவனுக்கு அவன் இழந்த காணி கிடைத்ததா? இந்த ஒரு கேள்வியை உங்கள் மனுவின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபெயர்வு வேறு, குடியேற்றம் வேறு

இங்கே ஒரு நண்பர் எழுந்து கேட்கலாம்: "அப்படியாயின், கல்லோயாக் குடியேற்றத்தை நம் தலைவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? அதுவும் ஏழைகள் வந்து குடியேறியதுதானே?" நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கக் கூடாது.

பிழைப்புத் தேடியோ உயிருக்குப் பயந்தோ மனிதன் இடம் மாறுவது குடிபெயர்வு. அரசு தன் அதிகாரத்தையும் பணத்தையும் கொண்டு, அவ்விடத்து மக்களைக் கேளாமல், அவர்களின் தொகைப் பலத்தை மாற்றும் வகையில் பிறரைக் கொண்டுவந்து நிறுத்துவது திட்டமிட்ட குடியேற்றம். 1949-இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. இங்கினியாகலையில் அணை எழுந்தது. பட்டிப்பளையாற்று நீர் பாயும் நிலத்திலே குடியேற்றக் கிராமங்கள் வரிசையாக அமைந்தன. 1956 ஜூனில் அங்கே இரத்தம் சிந்தியது. 1961-இல் அம்பாறை தனி மாவட்டமானது. நாம் கேட்டது என்ன? ஒருவரும் வரக் கூடாது என்பதா? இல்லை. 1957 ஜூலை 26-இல் கைச்சாத்தான பண்டாரநாயக்கா - செல்வநாயகம் உடன்படிக்கையைப் படியுங்கள். குடியேற்றத் திட்டங்களில் காணி பெறுவோரைத் தெரிவு செய்யும் அதிகாரம் பிரதேச சபைக்கு இருக்க வேண்டும் என்பதே அதன் வாசகம். 1965 மார்ச் 24-இல் டட்லி சேனாநாயக்காவோடு செய்த உடன்படிக்கை வரிசையைக் கூடச் சொல்லியது: முதலில் அந்த மாவட்டத்தில் காணியற்றவர், அடுத்து வடக்குக் கிழக்கிலே வாழும் தமிழ் பேசும் மக்கள், பிறகு இந்நாட்டின் ஏனைய பிரசைகள், அவர்களுள்ளும் பிற பகுதிகளில் வாழும் தமிழருக்கு முதன்மை. மலையகத்துத் தமிழ்ப் பிரசைக்கு இந்த மண்ணிலே ஒரு பிடி இடம் உண்டு என்று நம் முன்னோர் அன்றே எழுதிக் கையொப்பமிட்டனர்! இரண்டு உடன்படிக்கைகளும் நிறைவேறவில்லை. ஆனால் நம் கோரிக்கை இன்னதென்பது வரலாற்றிலே பதிந்து நிற்கிறது. முடிவு செய்யும் உரிமையையே நாம் கேட்டோம். வந்த மனிதனை வெறுக்கும் உரிமையைக் கேட்கவில்லை.

கல்லோயாவிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. இடது கரை வாய்க்காலின் தலைமாட்டில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள்; கடைமடையில் தமிழர். தலைமாட்டிலே தண்ணீர் வழியும், கடைமடை காயும். 1981-இல் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்கக் கோர்னெல் பல்கலைக்கழகமும் விவசாயிகளைச் சிறு குழுக்களாகக் கூட்டிப் பேசவைத்தன. தண்ணீர் குறைந்திருந்த அப்போகத்திலே, மேலுள்ளவர்கள் தாமாகவே தண்ணீரைச் சிக்கனமாகப் பாவித்துக் கீழே விட்டார்கள் என்று அத்திட்டத்தை வழிநடத்திய பேராசிரியர் நோர்மன் அப்ஹொஃப் எழுதியுள்ளார். பகையை மூட்டியது திட்டமும் அதனை வகுத்த அரசியலும். தண்ணீரைப் பங்கிட்டது அதே ஏழை விவசாயியின் மனம். இன்று மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காக 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் நம் பண்ணையாளர் தொடங்கிய போராட்டத்திலும் நம் கேள்வி அதிகாரிகளை நோக்கியதாகவே இருக்க வேண்டும்: மேய்ச்சல் தரையிலே உழவை அனுமதித்தது யார்? தடுக்க வேண்டியவர் ஏன் தடுக்கவில்லை? அங்கே சரியான எதிராளியைச் சுட்டும் நாம், இங்கே காட்டோரத்து ஏழையைச் சுட்டலாமா?

அந்தக் குடும்பங்களை எந்த அமைச்சர் கொண்டுவந்து இறக்கினார்? 1977 ஆகஸ்ட் கலவரத்திலே லயங்கள் எரிந்தபோது, தமிழர் வாழும் மண் என்று நம்மை நம்பி வந்தார்கள். மறு ஆண்டு நவெம்பர் 23-இல் மட்டக்களப்பைச் சூறாவளி சூறையாடியது. என் அம்மம்மா அந்த இரவின் கதையைப் பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் வீட்டுக் கூரையும் பறந்தது. வந்தவர் குடிசையும் பறந்தது. பாடசாலைக் கட்டடத்தின் ஒரே மூலையில் இரு சாராரும் ஒடுங்கிக் கிடந்தனர். விடிந்ததும் வளவிலே வீழ்ந்து கிடந்த தென்னைகளை வெட்டி வழி திறந்தவர்கள் அந்த மலைநாட்டு ஆடவர்கள். கூலி கேட்கவில்லை. அம்மம்மாவும் கொடுக்க ஏதுமின்றி நின்றார். பிறகு போர் வந்தது, இடப்பெயர்வு வந்தது. இரண்டிலும் அவர்களுக்குத் தனிப் பங்கு குறைத்துக் கொடுக்கப்படவில்லை. இன்று அங்கே வாழ்வோரில் மிகப் பெரும்பான்மையோர் இவ்வூரிலேயே பிறந்தவர்கள். வராத ஒருவனை வந்தேறி என்பது எந்த இலக்கணம்?

கூலியும் காணியும்

இனி, மனுவின் குற்றச்சாட்டுகளுக்கு வருகிறேன்.

வந்தவரால் கூலி விழுமா என்பது உலகெங்கும் நடக்கும் வாதம். 1980-இல் கியூபாவிலிருந்து ஏறத்தாழ 1,25,000 பேர் சில மாதங்களில் அமெரிக்காவின் மயாமி கரையில் வந்து இறங்கினர். பெரும் பகுதியினர் அந்நகரிலேயே தங்கினர். டேவிட் கார்ட் என்ற பொருளியலறிஞர் 1990-இல் ஆராய்ந்து, அந்நகரத் தொழிலாளர் கூலி அதனால் குறிப்பிடத்தக்க அளவு விழவில்லை என்றார். ஜோர்ஜ் போர்ஹாஸ் என்பவர் பின்னாளில் அதனை மறுத்து, படிப்புக் குறைந்தவரின் கூலி விழுந்தது என்றார். வாதம் ஓயவில்லை. ஆகவே ஒருபோதும் விழாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் எந்த நிலையிலே நிச்சயமாக விழும் என்பதை நம் நாட்டு வரலாறே சொல்கிறது. தோட்டங்களிலே "துண்டு" முறை இருந்தது. தொழிலாளியின் கடன் தீர்ந்தாலன்றி அவன் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அவன் கடனே அவன் விலங்கு. 1921-இல்தான் அது ஒழிக்கப்பட்டது. 1927-இல்தான் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. ஓடவும் முடியாமல், கேட்கவும் முடியாமல் நிற்பவன் கொடுத்த கூலியைத்தான் வாங்குவான். உரிமையற்றவன் பக்கத்திலே நிற்கும்போது உரிமையுள்ளவன் கூலியும் விழும். ஆகவே காட்டோரத்து மனிதனுக்குப் பத்திரம் மறுப்பதால் உங்கள் கூலி உயராது. நாளைக்கே வெளியேற்றப்படலாம் என்ற பயத்திலே அவன் இன்னும் குறைந்த கூலிக்கு வருவான். உங்கள் கூலியைக் காக்க விரும்பினால் அவன் காலுக்குக் கீழே உறுதியான நிலம் இருக்கட்டும்.

அன்றியும், ஒரு நேர்மையான கணக்குப் பார்ப்போம். நம் வட்டைகளிலே வேளாண்மை வெட்டும், சூடு மிதிப்பும் எத்தனை குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தன? அந்த வேலை எங்கே போயிற்று? மலைநாட்டான் கொண்டுபோனானா? வெட்டு இயந்திரம் கொண்டுபோயிற்று. ஒரு பகலிலே வயலை முடித்துவிட்டு லொறியிலே ஏறிப்போகும் இயந்திரத்தின்மேல் ஒருவரும் மனு எழுதவில்லை. அதற்கு முகம் இல்லை. காணி விஷயமும் இப்படித்தான். ஊர்க் காணி எவ்வளவு வனப் பகுதி எல்லைக்குள் போயிற்று, எவ்வளவு செல்வாக்குள்ளவர் வேலிக்குள் போயிற்று, எவ்வளவு பத்திரத்தோடு வெறுமனே கிடக்கிறது என்ற பட்டியலை யாராவது கேட்டீர்களா? அந்தப் பட்டியலைக் கேட்டு மனு எழுதுங்கள். முதற் கையொப்பம் என்னுடையது.

பாடசாலை நெரிசல் என்கிறீர்கள். பிள்ளைகள் குறைந்த கிராமப் பாடசாலைகள் மூடப்படும் காலம் இது. அந்தப் பிள்ளைகள் வருவதால்தான் நம் பாடசாலைக்கு ஆசிரியர் கேட்க நமக்கு வாய் இருக்கிறது. வைத்தியசாலையின் குறை, நோயாளி மிகுந்த குறையா, வைத்தியர் வராத குறையா என்பதை நீங்களே அறிவீர்கள்.

வழமை கலைகிறது என்பதற்கு நீண்ட பதில் வேண்டாம். 1962-இல் எப்.எக்ஸ்.சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்தைப் புரட்டினால், பல திசைகளிலிருந்து வந்து குடிகொண்டவர்களின் கதையாகவே அது விரிகிறது. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்களைக் கண்டி மன்னன் செனரத் இக்கரையிலே குடியமர்த்தினான் என்பது வழிவழி வந்த செய்தி. பறங்கியர் வந்தனர், இன்றும் நம்மோடு வாழ்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கும் வியாபாரத்துக்கும் வந்தவரைப்பற்றியும் ஒரு காலத்தில் நம்மவர் முணுமுணுத்தனர். மட்டக்களப்பார் பாயோடு ஒட்டவைத்துவிடுவர் என்று அவர்களும் பயந்தனர். பயந்தவர் பலர் ஒட்டிக்கொண்டு இங்கேயே பேரப்பிள்ளை கண்டனர்! "வந்தாரை வாழவைக்கும்" என்று நாம் மேடைதோறும் மார்தட்டும் பெருமை, காணிக் கச்சேரி வந்தால் மட்டும் மறந்துபோகுமா?

நம் பிள்ளைகள் எங்கே?

கடைசியாக ஒன்று. இச்சபையிலே கூலிக்கோ தஞ்சத்துக்கோ கடல் கடந்த ஒருவராவது இல்லாத குடும்பம் உண்டா? கட்டாரிலும் குவைத்திலும் சவூதியிலும் நம் பெண்கள் பிறர் வீட்டு அடுப்படியில் நிற்கின்றனர். சுவிற்சர்லாந்திலும் கனடாவிலும் நம் இளைஞர் பாத்திரம் கழுவி வீடு கட்டுகின்றனர். 2024-இல் வெளிநாட்டுத் தொழிலாளர் இந்நாட்டுக்கு அனுப்பிய பணம் 650 கோடி அமெரிக்க டொலருக்கு மேல். அங்கே அவர்கள் யார்? வந்தேறிகள். சுவிற்சர்லாந்திலே 1970-இல் அந்நியர் தொகையைக் குறைக்க ஒரு வாக்கெடுப்பு. 54 வீதத்தினர் மறுத்துத் தோற்கடித்தனர். 2014 பெப்ரவரி 9-இல் மீண்டும் ஒன்று, இம்முறை 50.3 வீதத்தால் நிறைவேறியது. அங்கே சொல்லப்பட்ட காரணங்களைத் தமிழிலே பெயர்த்தால் உங்கள் மனு வரும்: வீடு போதாது, கூலி விழுகிறது, பாடசாலையில் நெரிசல், வழமை கலைகிறது. அன்று நாம் என்ன பிரார்த்தித்தோம்? அந்நாட்டார் நம் பிள்ளையை மனிதனாகப் பார்க்கட்டும் என்றுதானே?

மூதூரிலிருந்து ஓர் ஏழைச் சிறுமி, வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005-இல் சவூதிக்குப் போனாள். தன் பொறுப்பிலிருந்த சிசு இறந்த குற்றம் அவள்மேல் விழுந்தது. தொடக்க விசாரணையிலே அவளுக்காகப் பேச ஒரு சட்டத்தரணி இருக்கவில்லை. மொழி புரியாத மண்ணிலே 2013 ஜனவரி 9-இல் அவள் தலை வெட்டப்பட்டது. அன்று இக்கிழக்குக் கரையிலே மதம் பாராமல் தாய்மார் அழுதனர். வந்தவளுக்கு வாயில்லை என்ற நிலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட ஒரு சாட்சி எனக்குத் தேவையில்லை.

சகோதரர்களே! மாரி வெள்ளம் பெருகும்போது நம் வாவியின் முகத்துவாரத்தை வெட்டிவிடுகிறோம். எந்நாளும் அடைத்தே வைப்போம் என்று ஒருவனும் சொல்வதில்லை, வயல் அழுகிப்போகும். எந்நாளும் திறந்தே விடுவோம் என்றும் சொல்வதில்லை; தோணிக்காரன் சம்மதிக்க மாட்டான். எப்போது வெட்டுவது என்பதை வயற்காரரும் மீன்பிடிப்போரும் அதிகாரிகளும் கூடியிருந்து பேச வேண்டும் என்பதே நம் வழக்கம். பேசாமல் வெட்டிய ஆண்டுகளிலேதான் சண்டை. மனிதர் வரவுக்கும் அந்த நியாயமே போதும். வருவோரையும் இருப்போரையும் ஒரே பந்தலில் இருத்தி, பகிரங்கமாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

உங்கள் மனுவை நான் கிழித்தெறியவில்லை. அதன் பின்புறத்திலே வேறொன்று எழுதி எடுத்து வந்திருக்கிறேன். ஒன்று, வரவிருக்கும் காணிக் கச்சேரியைப் பகிரங்கமாக நடத்தி, காணியற்றோர் பட்டியலை இவ்வாசிகசாலைச் சுவரிலே ஒட்ட வேண்டும். இரண்டு, அப்பட்டியலிலே உள்ளூர் இளைஞனும் காட்டோரத்துக் குடும்பமும் காணியில்லாமையின் அளவால் மட்டுமே வரிசைப்பட வேண்டும். மூன்று, பத்திரமின்றி வேலியடைத்த காணிகளும், பத்திரத்தோடு பாழாய்க் கிடக்கும் காணிகளும் எவையென்று பிரதேச செயலகம் வெளியிட வேண்டும். நான்கு, ஒரே வயலிலே ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று போடிமாரும் தொழிலாளரும் இச்சபையிலேயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் வந்த இளைஞர் அறுவரில் நால்வர் முன்வரிசையில் இருக்கின்றனர். மூன்றாவது கோரிக்கையால் யாருக்குக் கோபம் வரும் என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காட்டோரத்து ஏழைமீது மனு எழுதுவது எளிது. அவனால் நமக்கு ஒரு தீங்கும் வராது. வேலியடைத்த பெரியவர்மீது எழுதத்தான் துணிவு வேண்டும். அந்தத் துணிவு இவ்வூர் இளைஞருக்கு உண்டென்று நம்புகிறேன். மனு இதோ மேசைமேல் இருக்கிறது. பேனாவும் இருக்கிறது. பின்வரிசையில் இருப்பவர்களே, நீங்களும் முன்னே வாருங்கள். இது உங்கள் மனுவும்தான்.